கீழே விழும் தூளும் மேலே நிற்கும் தூசும்

கொல்கத்தாவின் நியூ டவுனில் புதிதாகக் கட்டி முடிக்கப்படும் அடுக்கக வீட்டில் முதலில் குடியேறுபவர் பெரும்பாலும் அதன் உரிமையாளர் அல்லர், தச்சரே. சாவி கைமாறிய சில நாட்களில் பிளைவுட் பலகைகள் சரக்கு மின்தூக்கியில் ஏறுகின்றன. வரவேற்பறை அறுக்கும் இடமாகிறது; படுக்கையறையில் பலகைகள் அடுக்கப்படுகின்றன; பால்கனியில் மெருகுப் பூச்சு நடக்கிறது. அலமாரிகளும் சமையலறைப் பெட்டிகளும் கட்டில்களும் உருவாகி முடிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அதுவரை அது வீடன்று, தச்சுப் பட்டறை. அண்டை வீட்டார் முறையிடுவார்கள் என்பதற்காகப் பட்டறையின் கதவும் சன்னலும் சாத்தப்படுகின்றன. வங்கத்தில் ‘காட்மிஸ்திரி’ எனப்படும் அத்தச்சர்களில் பலர் இரவில் உறங்குவதும் அதே தரையில்தான்.

இதே நகரியத்தில் வேறு வகையான பட்டறையும் உண்டு. மென்பொருள் அலுவலகத்தில் பகலெல்லாம் திரையைப் பார்த்துக் களைத்தவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், கட்டடக்கலை பயிலும் மாணவர் எனச் சிலர் மூன்றாம் படுக்கையறையையோ கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையையோ தச்சுக்கு ஒதுக்குகின்றனர். ஓரிரு மாதங்களில் மின்விசிறியின் இறக்கைகளில் வெளிர்மஞ்சள் படலம் படிந்ததும் இவர்களிடம் ஒரு கேள்வி எழுகிறது: எந்தத் தூசு சேகரிப்பானை வாங்குவது? எத்தனை குதிரைத்திறன், எந்த நிறுவனம், என்ன விலை?

முதல் பட்டறையைத் தொழிலாளர் சிக்கலாகவும் இரண்டாவதைப் பொழுதுபோக்கின் சிக்கலாகவும் பிரித்துப் பேசுவதே வழக்கம். இரண்டும் ஒன்றே. ஒரே மரம், ஒரே ரம்பம், ஒரே அளவுள்ள மூடிய அறை, ஒரே வகை நுரையீரல். வேறுபாடு ஒன்றுதான்: இரண்டாமவருக்குக் கேள்வி கேட்க நேரமும் பணமும் இருக்கின்றன. அக்கேள்வியைச் சரியாகக் கேட்டு அவர் பெறும் விடை முதலாமவருக்கும் சென்று சேரவேண்டும். ஆனால் கேள்வியே பிழையாகக் கேட்கப்படுகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பிழை சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் தூள் என்பதும் தூசு என்பதும் பேச்சில் ஒன்றுக்கொன்று மாற்றாக வந்தாலும், பயன்பாட்டைக் கூர்ந்து நோக்கினால் ஒரு பிரிவு தெரியும். காபித்தூள், மஞ்சள்தூள், மரத்தூள்: தூள் என்பது அள்ளக்கூடியது, அளக்கக்கூடியது, ஒரு பொருளாக மதிக்கப்படுவது. தூசு அள்ளப்படுவதில்லை, படிகிறது, பறக்கிறது, தட்டப்படுகிறது. ரம்பம் ஓடும்போது இவ்விரண்டும் ஒருசேரப் பிறக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதும் துடைப்பத்தில் சிக்குவதும் தூள். சந்தையில் ‘தூசு சேகரிப்பான்’ என்ற பெயரில் விற்கப்படும் பொறிகளில் பெரும்பாலானவை சேகரிப்பது இத்தூளைத்தான். தரை சுத்தமாகிறது, வாங்கியவர் மனநிறைவு கொள்கிறார். தூசு எங்கிருந்ததோ அங்கேயே, அதாவது முகத்தின் உயரத்தில், நின்றுகொண்டிருக்கிறது.

இது மிகைக்கூற்று அன்று, எளிய இயற்பியல். அசைவற்ற காற்றில் 100 மைக்ரான் விட்டமுள்ள துகள் நொடிக்குக் கால் மீட்டர் அளவில் கீழே இறங்குகிறது. 10 மைக்ரான் துகள் நொடிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அதே தொலைவைக் கடக்கப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். மனிதர் நடமாடும் அறையில், அதுவும் மின்விசிறி சுழலும் அறையில், காற்று அசைவற்று இருப்பதில்லை. ஆகவே மாலை 6 மணிக்கு ரம்பம் நின்றபின் இரவு 10 மணிக்குப் பாய் விரிப்பவர் அன்றைய வேலையின் நுண்தூசைத்தான் சுவாசித்து உறங்குகிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. எட்டடி நீளமும் 18 மில்லிமீட்டர் கனமும் உள்ள பிளைவுட் பலகையை நீளவாக்கில் ஒருமுறை அறுத்தால், 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ரம்ப அலகு ஏறத்தாழ 75 கிராம் மரத்தைப் பொடியாக்குகிறது. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கும். பிரிட்டனில் 2020 முதல் கடின மரத்தூசுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக வைக்கப்பட்டுள்ள வரம்பு ஒரு கன மீட்டருக்கு 3 மில்லிகிராம். அதற்கு முன் 5 மில்லிகிராமாக இருந்தது. இவ்வரம்பின்படி அந்த அறை முழுவதும் மிதக்கத்தக்க தூசு 108 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பு இதைவிட எடை மிகுந்தது. ஒரே ஓர் அறுப்பில் பிறந்த பொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு காற்றில் தங்கினாலே அளவு கடந்துவிடும். ஒரு நாளில் எத்தனை அறுப்புகள் என்பதைத் தச்சரைக் கேட்டால் அவர் சிரிப்பார்.

மரம் இயற்கைப் பொருள். எனவே அதன் தூசு தீங்கற்றது என்னும் எண்ணம் படித்தவரிடமும் உண்டு. அதை உடைத்த ஊர் இங்கிலாந்தின் ஹை விக்கம். நாற்காலி செய்வதற்குப் பெயர்பெற்ற அவ்வூரின் மருத்துவமனையில், மூக்கின் உட்புழையில் அரிதாகவே தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் தச்சுத் தொழிலாளரிடையே அடிக்கடி காணப்படுவதைக் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் எஸ்தர் ஹாட்ஃபீல்ட் கவனித்தார். ஆக்ஸ்ஃபோர்டின் ரொனால்ட் மக்பெத், நோய்ப்பரவலியல் அறிஞர் டொனால்ட் அச்சிசன் ஆகியோரோடு சேர்ந்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரை 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசை முதற்பிரிவில், அதாவது மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் வரிசையில், சேர்த்தது. எம்.டி.எஃப்., பிளைவுட் போன்ற பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடும் 2004இல் அதே பிரிவுக்கு உயர்த்தப்பட்டது. புற்றுநோய் அரிது, தொடர் இருமலும் ஆஸ்துமாவும் தோல் அழற்சியும் அரிதல்ல. வங்கத்தில் ‘சேகுன்’ என்று போற்றப்படும் தேக்கிலேயே தோல் ஒவ்வாமையைத் தூண்டும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன.

இனிப் பொறிகளுக்கு வரலாம். சந்தையில் உள்ளவை அடிப்படையில் இரண்டு குடும்பங்கள். ஒன்று, பட்டறை வாக்குவம் எனப்படும் உறிஞ்சி. ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் குறுகலான குழாய். உறிஞ்சும் அழுத்தம் மிக அதிகம், நீரை இரண்டு மீட்டர் உயரத்துக்கு இழுக்கும் அளவு. ஆனால் கடந்து செல்லும் காற்றின் அளவு குறைவு. மற்றொன்று, பெரிய விசிறியும் துணிப்பையும் கொண்ட சேகரிப்பான். 100 அல்லது 150 மில்லிமீட்டர் குழாய், காற்று ஏராளம், அழுத்தமோ நீரை ஒரு சாணுக்குச் சற்று மேலே இழுக்கும் அளவுதான். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. கையில் பிடிக்கும் சாண்டர், ரூட்டர், வட்ட ரம்பம் ஆகியவற்றின் சிறிய வாய்களுக்கு முதலாவது ஏற்றது. மேசை ரம்பம், தடிமன் சீவும் பொறி ஆகியவற்றுக்கு இரண்டாவது வேண்டும். பெரிய சேகரிப்பானின் வாயில் சிறிய குழாயைச் செருகினால் காற்று நின்றே போகும். வாக்குவத்தைப் பெரிய குழாயோடு இணைத்தால் குழாய்க்குள் காற்றின் வேகம் தளர்ந்து தூள் வழியிலேயே படியும். மரத்தூளைக் குழாயில் சுமந்துசெல்ல நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகம் தேவை. அவ்வேகத்தில் 100 மில்லிமீட்டர் குழாய் மணிக்கு ஏறத்தாழ 565 கன மீட்டர் காற்றைக் கடத்தும். 150 மில்லிமீட்டர் குழாய் 1270. விட்டம் ஒன்றரை மடங்கானால் காற்று இரண்டேகால் மடங்காகிறது. குதிரைத்திறனைப் பற்றியே பேசுகிறவர்கள் குழாயின் விட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஏனெனில் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது குதிரைத்திறன்தான்.

விவரப் பட்டியலில் உள்ள காற்றளவு பெரும்பாலும் குழாயே மாட்டாமல், புதிய பையோடு அளந்தது. மூன்று மீட்டர் நெளிகுழாயும் இரண்டு வளைவும் சேர்ந்தால் அதில் பாதி கிடைத்தாலும் வியப்பு. நெளிகுழாயின் உராய்வு வழவழப்பான குழாயின் உராய்வைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அமெரிக்க அளவைகளை அப்படியே பெயர்த்தெழுதிய பட்டியல்களில் இன்னொரு பொறி இருக்கிறது: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதே விசிறி இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். காற்று ஆறில் ஒரு பங்கு குறையும். அழுத்தமோ வேகத்தின் இருமடியைப் பொறுத்ததாகையால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும்.

எவ்வளவு காற்று என்பதைவிட எங்கே இழுக்கிறது என்பது முதன்மையானது. திறந்த குழாய் வாயிலிருந்து அதன் விட்டத்தளவு தொலைவு விலகினாலே காற்றின் வேகம் பத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது எளிது. அதே தொலைவிலிருந்து உறிஞ்சி அணைக்க முயன்றவர்க்கு இது விளங்கும். எனவே அறையின் மூலையில் உறுமும் பெரிய பொறியைவிட, ரம்பத்தின் அலகைச் சுற்றிய மூடியில் பொருத்தப்பட்ட சிறிய குழாய் மேலானது.

அடுத்தது வடிகட்டி. இங்குதான் மலிவான சேகரிப்பான்கள் தீங்காகவே மாறுகின்றன. 30 மைக்ரான் துணிப்பை கொண்ட பொறி, தரையில் கிடக்கும் பொடியை இழுத்து, பெரியதைப் பையில் வைத்துக்கொண்டு, நுண்ணியதை அறை முழுவதும் சீராக ஊதிவிடுகிறது. பெயர் சேகரிப்பான்; செயல் தெளிப்பான். ஐரோப்பிய வகைப்பாட்டில் ‘எம்’ பிரிவு உறிஞ்சி என்பது நுண்தூசில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியே விடாதது. ‘எல்’ பிரிவு நூற்றில் ஒரு பங்கு வரை விடலாம். மரத்தூசுக்கு ‘எம்’ பிரிவே குறைந்த அளவு என்று கொள்வது தகும். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுப்பது. ஆனால் அதன் முன்னே பொடி நேராக வந்து மோதினால் சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். கொல்கத்தாவின் மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம்; ஈரம் குடித்த மரத்தூள் வடிகட்டியின் மடிப்புகளில் அப்பமாக ஒட்டிக்கொள்கிறது, பையில் விட்டுவைத்தால் பூஞ்சணம் பூக்கிறது.

இவ்வடைப்பைத் தவிர்க்கவே வடிகட்டிக்கு முன்னால் சைக்ளோன் வைக்கப்படுகிறது. கூம்பு வடிவக் கலத்தில் காற்றைச் சுழலவிட்டு, கனமான பொடியை ஓரத்தில் ஒதுக்கிக் கீழே வாளியில் இறக்கும் அமைப்பு அது. இச்சொல்லுக்கும் இந்நகரத்துக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. ‘சைக்ளோன்’ என்ற ஆங்கிலச் சொல்லை 1840களில் ஆக்கியவர் ஹென்றி பிடிங்டன். கல்கத்தாவில் வாழ்ந்து வங்கக்கடல் புயல்களை ஆராய்ந்தவர். பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அவர் உருவாக்கினார். கல்கத்தாவில் பிறந்த சொல் உலகம் சுற்றி, மரப்பட்டறை வாளியின் மூடியில் ஒட்டிக்கொண்டு, மீண்டும் கல்கத்தாவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2020 மே மாதத்து ஆம்ஃபானைக் கண்ட நகரவாசியிடம் சைக்ளோன் வாங்குங்கள் என்றால் அவர் முகம் சுளிப்பது இயல்பு. சொற்கதை நிற்க, பயனைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை: சிறிய சைக்ளோன்கள் வடிகட்டியின் ஆயுளை நீட்டிக்குமே தவிர நுண்தூசைப் பிரிப்பதில்லை. அது பின்னால் உள்ள வடிகட்டியின் வேலை. சைக்ளோன் இருக்கிறதே என்று மட்டமான வடிகட்டியோடு நிறுத்திக்கொள்பவர், முறத்தால் புடைத்ததும் சல்லடையைத் தூக்கி எறிந்தவருக்கு ஒப்பானவர்.

வெளியேற்றுவதா, வடிகட்டித் திருப்பிவிடுவதா என்பது மற்றொரு விவாதம். இதில் மேலைநாட்டு அறிவுரையைக் கண்மூடி ஏற்பதற்கில்லை. குளிர்நாடுகளில் பட்டறைக் காற்றை வெளியே தள்ளினால் சூடேற்றிய காற்றும் உடன் போகும். அதனால் அங்கே வடிகட்டி உள்ளேயே திருப்புகின்றனர். வங்கத்தில் அத்தேவை இல்லை. நியூ டவுனின் தனிமனைகளில், தரைத்தளக் கார் நிறுத்துமிடத்தில் பட்டறை வைத்திருப்பவர் சைக்ளோனுக்குப் பின் காற்றை வெளியே விடுவதே எளிதும் சிறந்ததும். வெளியே போகும் அளவு காற்று உள்ளே வருவதற்கும் வழி வைத்தாக வேண்டும். பதினெட்டாம் மாடியில் இருப்பவருக்கு இது பொருந்தாது. அவருடைய வெளி என்பது பத்தொன்பதாம் மாடியின் சன்னல். குளிர்காலக் கொல்கத்தாவின் காற்று ஏற்கெனவே எந்நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்லத் தேவையில்லை. அடுக்ககத்தில் தூசு பிறந்த இடத்திலேயே பிடிபட வேண்டும், அல்லது பிறக்காமலே இருக்க வேண்டும்.

பிறக்காமலே இருக்கலாம் என்பதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. இழைப்புளி சுருள் சுருளாகச் சீவலைத் தருகிறது, சீவல் மிதப்பதில்லை. உளியும் கைரம்பமும் தருவன பெரும்பாலும் கனமான பொடியே. மிகுந்த நுண்தூசைத் தருவன உப்புத்தாள் பொருத்திய சாண்டரும் வேகமாகச் சுழலும் வட்ட ரம்பமும். பெரும் பலகைகளை விற்பனைக் கிடங்கிலுள்ள பலகை ரம்பத்தில் அளவுக்கு வெட்டி வாங்கிவந்து, வீட்டில் இணைப்பும் சீவலும் மட்டும் செய்தால் தூசின் பெரும்பகுதி வீட்டுக்குள் நுழைவதே இல்லை. அடுக்ககப் பொழுதுபோக்குத் தச்சருக்குத் தகுந்தது இதுதான்: மேசை ரம்பம் வேண்டாம், வாய் பொருத்திய கைப்பொறிகள், ‘எம்’ பிரிவு வாக்குவம் ஒன்று, அதன் முன்னே சைக்ளோன் வாளி, வேலை முடிந்த பின்னும் நெடுநேரம் ஓடும் காற்று வடிகட்டி, இவற்றோடு முகத்தில் சரியாகப் பொருந்தும் எஃப்.எஃப்.பி.2 அல்லது என்95 முகமூடி. இரண்டு குதிரைத்திறன் சேகரிப்பானை அடுக்ககத்தில் வைப்பது, எத்தனை பேர் பரிந்துரைத்தாலும், தவறான தேர்வு. அதன் ஓசைக்காகவே சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிடும் என்பது வேறு செய்தி.

இவ்வளவும் படித்து, அளந்து, வாங்கக்கூடியவர்க்கு. அதே கட்டடத்தின் இன்னொரு தளத்தில், மார்பிள் கட்டரில் மர அலகை மாட்டிப் பிளைவுட் அறுத்துக்கொண்டிருக்கும் மிஸ்திரிக்கு? அவரிடம் இருப்பது கம்சா எனப்படும் கட்டம்போட்ட துண்டு. அதை மூக்கில் சுற்றிக்கொள்கிறார். அதன் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, நுண்தூசைப் பொறுத்தவரை, திறந்த வாசல். மாலையில் அதே கம்சாவை உதறி முகம் துடைத்துக்கொள்கிறார்.

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை எனக் கூற முடியாது. மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறது, ஆனால் வேறோர் இடத்தைப் பற்றி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 14ஆம் பிரிவு: தூசு எழும் தொழிற்சாலையில் அது சுவாசிக்கப்படாமலும் அறையில் சேராமலும் தடுக்க வேண்டும், அதற்கு உறிஞ்சும் கருவி தேவையெனில் தூசு பிறக்கும் இடத்துக்கு இயன்ற அளவு அருகில் அதைப் பொருத்தி, அவ்விடத்தை இயன்ற அளவு மூடவும் வேண்டும். குழாய் வாயிலிருந்து விலக விலக வேகம் வீழும் என்ற இயற்பியலைச் சட்டமியற்றியவர்கள் மாசு பிறக்கும் இடம் என்ற தொடரில் அடக்கிவிட்டனர். ஆனால் மின்விசையுடன் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை இருபதாக உயர்த்தியது. சிறிய இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்க மாநில அரசுக்கு 85ஆம் பிரிவு அதிகாரம் தந்தாலும், உரிமையாளர் தம் குடும்பத்தினர் துணையோடு மட்டும் தொழில் செய்யும் இடத்தை அப்பிரிவே விலக்கிவைத்தது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், ஒருவர் தம் சொந்தக் குடியிருப்புக்குப் பத்து லட்ச ரூபாய்க்கு மேற்படாமல் செய்யும் கட்டுமான வேலையை வெளியே விட்டது.

இவ்விலக்குகள் தீய நோக்கத்தோடு எழுதப்பட்டவை அல்ல. வீட்டுக்குள் ஆய்வாளர் நுழையக்கூடாது என்ற மதிப்பான எண்ணம் அவற்றின் பின்னால் இருக்கிறது. விளைவு வேறாகிவிட்டது. வீடு என்ற சொல் ஒரு திரையாகிவிட்டது. அதற்குப் பின்னால் எத்தனை பேர் எத்தனை மாதம் ரம்பம் ஓட்டினாலும் அது குடியிருப்புத்தான். இது நியூ டவுனோடு முடிவதும் அன்று. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கன்பேட்டை நாகசுரம் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படுவது; பரம்பரையாகக் குடும்பத்தோடு நடக்கும் தொழில். அரும்பாவூரின் மரச்சிற்பங்களும் அத்தகையனவே. குறியீடு கருவியைக் காக்கிறது, பெயரைக் காக்கிறது. கடைசல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் மூக்குக்கு அது எதுவும் செய்வதில்லை. பல்கலைக்கழகங்களும் இத்திரையைப் பெரிதாக விலக்கவில்லை. வீட்டுக்குள் காற்று மாசு என்று இந்தியாவில் ஆராயப்படுவது பெரும்பாலும் அடுப்புப் புகை. வீடு பட்டறையாகும் நிலை, குடியிருப்புக்கும் பணியிடத்துக்கும் இடையில், எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அமராமல் நழுவுகிறது. ஆய்வுத் தலைப்பு தேடி அலையும் பொதுச் சுகாதார மாணவர்கள் இதில் பத்தாண்டு வேலை செய்யலாம்.

தச்சர்களே உறிஞ்சியை விரும்பமாட்டார்கள் என்று உள்ளலங்கார ஒப்பந்தக்காரர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. குழாய் கையைத் தடுக்கும். மின்கம்பி இன்னொன்று கூடும். வாளியைக் காலி செய்ய வேலையை நிறுத்த வேண்டும். கூலி சதுர அடிக் கணக்கில் வழங்கப்படும்போது, நிறுத்தப்படும் ஒவ்வொரு நிமிடமும் தச்சரின் சட்டைப்பையிலிருந்து போகிறது. எனவே விருப்பமின்மை அறியாமை அன்று, கணக்கு. அக்கணக்கை மாற்றாமல் விழிப்புணர்வு வகுப்பு நடத்துவது, பணம் தராதவர் தரும் அறிவுரை. உறிஞ்சியின் விலையும் அதனால் குறையும் வேகமும் சதுர அடி விலைக்குள் வரவேண்டும். அதை ஏற்க வேண்டியவர் வீட்டு உரிமையாளர். மாடுலர் சமையலறைக்கும் அலமாரிகளுக்கும் பல லட்சம் செலவிடுபவர், கீல் எந்த நிறுவனத்தினது, மைக்கா எந்த நிறம் என்று பட்டியலில் வரிவரியாகக் கேட்கிறார். நல்ல வாக்குவம் ஒன்றின் விலை அப்பட்டியலில் சிறிய வரியாகத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் அது ஒப்பந்தக்காரரின் அடுத்த வீட்டுக்குச் செல்லலாம். தமக்கும் இதில் நலன் உண்டு என்பதை உரிமையாளர் உணர்வது நல்லது: குளிர்பதனப் பெட்டியின் உள்ளேயும் விளக்குக் குழிகளிலும் தங்கிய நுண்தூசோடுதான் அவருடைய குழந்தைகள் குடியேறப் போகிறார்கள்.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. துளையிடும் ஓசைக்கு நேரம் வகுக்கவும், இடிபாட்டு மூட்டைகளுக்கு வைப்புத்தொகை கேட்கவும், தாழ்வாரத்தில் தூள் சிந்தினால் தண்டம் விதிக்கவும் சங்கங்களுக்குத் தெரிகிறது. அவ்விதிகள் எல்லாம் வீட்டுக்கு வெளியே நிற்பவரைக் காப்பவை. வாசலுக்கு உள்ளே நிற்பவருக்காக ஓரிரு வரிகள் சேர்ப்பதால் யாருக்கும் இழப்பில்லை: அறுக்கும் பொறியோடு உறிஞ்சி இணைந்திருக்க வேண்டும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, அறுக்கும் அறையின் சன்னல், உறிஞ்சி இல்லாத நாட்களிலாவது, திறந்திருக்க வேண்டும்.

பொறி வாங்கினால் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ரம்பம் நின்று ஒரு மணி நேரம் கழித்து விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பார்க்கலாம். ஒளிக்கற்றையில் பொன்துகள்போல் மினுக்குபவை பல இருந்தால், விவரப் பட்டியல் என்ன சொன்னாலும், வாங்கியது தூள் சேகரிப்பான். ஏதும் தெரியாவிட்டால் எல்லாம் சரி என்றும் பொருளல்ல. மிக நுண்ணியவை அவ்வொளியிலும் தெரியாதவை. இருந்தும் முதல் சோதனையாக இது போதும்.

செலவே இல்லாத ஏற்பாடு ஒன்றும் உண்டு. ஒப்பந்தத்தின் முதல் வரியாக அதையே எழுதலாம். அறுக்கும் அறையில் யாரும் உறங்கக்கூடாது. மூன்று படுக்கையறை உள்ள வீட்டில், பால்கனியை ஒட்டிய ஓர் அறையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, அதன் கதவைப் பகலெல்லாம் மூடிவைத்து, அங்கே பலகையோ பொறியோ கொண்டுபோகாமல் இருந்தால், இரவில் பாய் விரிக்க ஓர் இடம் கிடைக்கும்.